மூளைக்குள்ளே ஒரு வயரிங் வேலை

இந்த மாதப் பாடம் மூளை. நான் படிப்பது மின்னியல் பொறியியல். அதனால் வயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரப்பர் உறை இல்லாத வயர் எதையாவது தொட்டால் கரண்ட் கசிந்துவிடும் இல்லையா? மூளையிலும் அப்படித்தான். நியூரான்களின் நீண்ட இழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை உண்டு. அதைச் சுற்றிக் கொடுப்பது நியூரான் இல்லை, பக்கத்தில் இருக்கும் கிளியா செல். கிரேக்க மொழியில் கிளியா என்றால் பசை. நியூரான்களை ஒட்டிவைக்கும் வெறும் பசைன்னுதான் ரொம்ப நாள் நெனச்சாங்க.

எலிக்குட்டி பிறக்கும்போது அதன் மூளையில் இந்த உறை அநேகமாக இருக்காது. பிறந்து பத்து நாள் வாக்கில்தான் வேலை சூடுபிடிக்கும். மனிதக் குழந்தைக்குக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நடக்கும் மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி, எலிக்குப் பிறந்த பிறகு நடக்கிறது. ஆய்வாளர்கள் எலியைத் தேடிப்போவது இதனால்தான்.

வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதைப் புரதங்கள் காட்டும். ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா செல்லுக்கு ஜிஎஃப்ஏபி அடையாளம். மையலினுக்கு எம்பிபி. ஷிவரர் என்றொரு சுண்டெலி வகை இருக்கிறது. அதற்கு எம்பிபி மரபணுவில் பெரும்பகுதி இல்லை. பிறந்த சில வாரத்திலேயே உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், சீக்கிரம் செத்துவிடும். ஒரே ஒரு புரதம்தான் குறை!

சரி, 'வளரு, போதும் நிறுத்து' என்று செல்களுக்கு யார் சொல்வது? வளர்ச்சிக் காரணிகள். முதலில் தெரியவந்தது நரம்பு வளர்ச்சிக் காரணி. இத்தாலியின் யூத இனச் சட்டத்தால் வேலை இழந்த ரீட்டா லெவி-மொன்டால்சினி, படுக்கையறையிலேயே கோழிக்கருவை வைத்து ஆய்வு செய்தவர். பிறகு அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்தார். 1956-இல் பாம்பு விஷத்தில் அந்தக் காரணி ஏராளமாக இருப்பதை இருவரும் வெளியிட்டார்கள். நம்ம பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் சுருண்டு கிடக்கிறதே, அதே குழிவிரியன் குடும்பத்துப் பாம்புதான்! 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

1980-களில் லண்டனில் மார்ட்டின் ராஃப் குழு எலியின் கண் நரம்பை ஆராய்ந்தது. ஆஸ்ட்ரோசைட் சுரக்கும் பிடிஜிஎஃப் என்ற காரணி இருந்தால், மையலின் செய்யப்போகும் இளம் செல்கள் பெருகிக்கொண்டே இருந்தன. அது இல்லாவிட்டால் பெருகுவதை நிறுத்தி அவசரமாக முதிர்ந்துவிட்டன. அப்படியானால் 'பசை'தான் கால அட்டவணையையே கையில் வைத்திருக்கிறது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு? "ஒரு டின் பியர்ல என்னண்ணே ஆகப்போகுது?" என்று வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். அந்த முக்கியமான நாட்களில் எலிக்குட்டிகளுக்கு மது கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் கிளியா செல்கள் மடிந்தன, மையலின் குறைந்தது. எலிக்குக் கொடுத்த அளவு அதிகம்தான். எலி மனிதனும் இல்லை. ஆனால் கர்ப்பிணி குடித்தால் குழந்தையின் மூளை பாதிக்கப்படும் என்பது மனிதரிடமே உறுதியான விஷயம்.

நம்ம கதை? முன்நெற்றிக்குப் பின்னால், யோசித்து முடிவெடுக்கும் பகுதியில், மையலின் வேலை இருபது வயது தாண்டியும் நடக்கிறது. மலேசியாவில் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம் என்று சொல்வதைவிட, தலைக்குள்ளே இன்னும் வயரிங் முடியவில்லை என்று தெரிந்து சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பமாக இருக்கும் அக்கா, அண்ணி இருந்தால் அவர்களிடமும் இதைப் பேசுங்கள்.