கடற்பஞ்சு ஆராயும் மருமகளுக்கு

முட்டம்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். ராஜாக்கமங்கலம் கடல் அறிவியல் மையத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது உனக்கிருந்த உற்சாகம் இப்போது குரலில் இல்லை. கடற்பஞ்சை அரைத்து ஊற்றிய தட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை, இதில் மருந்து எங்கே கிடைக்கப் போகிறது என்று போனில் கேட்டாய். காலமெல்லாம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கேள் மக்களே.

கடற்பஞ்சுக்கு ஓடவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. நாள் முழுக்கக் கடல்நீரை உள்ளிழுத்து, வடிகட்டித் தின்கிறது. அந்த நீரோடு நோய்க்கிருமிகளும் உள்ளே போகின்றன. ஆனாலும் அது அழுகிப்போகாமல் கடலடிப் பாறையான பாரில் ஒட்டி நிற்கிறது. சில பஞ்சுகளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பாக்டீரியாக்கள்தாம். அவற்றில் பல, இடம் கொடுத்த உயிரைக் காக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. நாம் மருந்தாகத் தேடுவது அந்தக் காவலைத்தான்.

துறைமுகத் தூண்களில் பாசிபோல் படரும் புகுலா நெரிட்டினா என்ற உயிரை நீ படித்திருப்பாய். அதிலிருந்து பிரையோஸ்டாட்டின் என்ற பொருளை ஜார்ஜ் பெட்டிட்டின் குழு பிரித்து, 1982-ல் அதன் அமைப்பை வெளியிட்டது. பிற்பாடு மருத்துவச் சோதனைக்காகச் சுமார் 13 டன் புகுலாவைச் சேர்த்துப் பிழிந்தார்கள். கிடைத்தது 18 கிராம். அந்தப் பொருளைச் செய்வது புகுலாவுக்குள் வாழும் பாக்டீரியா என்று பிறகு தெரியவந்தது. புகுலாவின் இளம் உயிரிகளை மீன் தின்னாமல் காப்பதும் அதே பொருள்தான். அந்தப் பாக்டீரியா ஆய்வகத்தில் தனியாக வளர மறுக்கிறது. பெரிய ஆய்வகங்களுக்கே இந்த நிலை என்றால், உன் தட்டு வெறுமையாக இருப்பதற்கு நீ கூனிக் குறுக வேண்டியதில்லை.

நம் மாவட்டத்திலேயே இந்த வேலை பலித்திருக்கிறது. களியக்காவிளை அருகே மரியகிரி மலங்கரை கத்தோலிக்கக் கல்லூரியில் ஜோசப் செல்வினும் அவருடன் இருந்தவர்களும் டென்ட்ரில்லா நைக்ரா என்ற பஞ்சிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாவைப் பிரித்து, அது நோய்க்கிருமிகளைத் தடுப்பதைக் காட்டினார்கள். 2004-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஒரு சிறு ஊர்க் கல்லூரியின் ஆய்வகத்தில் முடிந்தது உன்னால் முடியாதா?

அதனால் நான் சொல்வது இதுதான். பாக்டீரியாவை மட்டும் தேடாதே. அது குடியிருக்கும் உயிரையும் அந்த உயிர் நிற்கும் கடலையும் சேர்த்துப் படி. கஞ்சி குடித்துப் பழகிய வயிற்றுக்குப் பந்திச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. உன் வளர்ப்பு ஊடகத்தின் சத்தைக் குறைத்துப் பார். அந்தப் பஞ்சின் சாற்றையே கொஞ்சம் கலந்து பார். இரண்டு நாளில் தட்டைத் தூக்கி எறியாதே, வாரக்கணக்கில் வை. குண்டூசி முனை அளவில் மெதுவாக எழும்பும் புள்ளிகளை முதலில் கவனி.

வலையின் மடியில் நசுங்கி, படகுத் தளத்தில் வெயிலில் கிடந்த பஞ்சில் கரைக் கிருமிதான் இருக்கும். பஞ்சு ஏறின உடனே கடல்நீரோடு பையில் கட்டி ஐஸில் வைக்கும்படி படகுக்காரரிடம் சொல். எந்தப் பார், எத்தனை பாகம் ஆழம், அன்று நீவாடு (நீரோட்டம்) எப்படி என்று அவரிடமே கேட்டு எழுது. அந்தக் குறிப்பு இல்லையென்றால், நல்ல பாக்டீரியா கிடைத்தாலும் அதே பஞ்சை மறுபடி எங்கே போய்த் தேடுவாய்?

பேராசையாக வாரிக்கொண்டு வராதே. விரல் அளவு துண்டு போதும். எக்டினாசிடியா என்ற கடல் உயிரிலிருந்து வந்த டிராபெக்டிடின் என்ற புற்றுநோய் மருந்துக்கு 2007-ல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. இன்று அதற்காகக் கடலைச் சுரண்டுவதில்லை. தொட்டியில் வளர்க்கும் வேறொரு பாக்டீரியா தரும் பொருளிலிருந்து செய்கிறார்கள். உன் வேலையும் அங்கேதான் போய் முடிய வேண்டும்.

காப்புரிமை என்று வந்தால் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தையும், சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தையும் மறக்காதே. பாரைக் காட்டிக்கொடுத்த கடல்காரனுக்கும் அந்தப் பலனில் பங்கு உண்டு என்பதை உன் மனச்சாட்சியில் எழுதிவை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. சின்னமுட்டத்தில் விசைப்படகுக்காரர் இரண்டு பேரிடம் பேசி வைத்திருக்கிறேன். பையும் குறிப்பேடும் கொண்டு வா. ஐஸ் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா