கரடி என்ன தின்றது என்று கேள்

அன்புள்ள தங்கைக்கு,

துருவக்கரடிகளின் கொழுப்பில் பிசிபி, டிடிடி போன்ற நச்சுகளை அளக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாய். கருவி எண்ணைக் காட்டியதும் ‘மாசு கூடிவிட்டது’ என்று எழுதக் கை பரபரக்கும். அதற்கு முன் இரண்டு கேள்வி கேள். அந்தக் கரடி எவ்வளவு இளைத்திருந்தது? என்ன தின்றது?

முதலில் இளைப்பு. இந்த நச்சுகள் நீரில் எளிதில் கரையாதவை, கொழுப்பில் தங்கிவிடுபவை. கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் கோடையில் கடல்பனி உடைந்ததும் கரடிகள் கரையேறி, மாதக்கணக்கில் ஏறக்குறையப் பட்டினி கிடக்கின்றன. 1980-களைவிட இப்போது பனி சுமார் மூன்று வாரம் முன்னதாகவே உடைகிறது. பட்டினி நீள நீளக் கொழுப்பு கரைகிறது; நச்சில் ஒரு பகுதி இரத்தத்துக்கு வருகிறது, மீதி எஞ்சிய கொழுப்பில் செறிகிறது. ரசம் சுண்டினால் உப்புக் கரிப்பதுபோலத்தான். யாரும் புதிதாக உப்புப் போடவில்லை. ஆகவே மாதிரி எடுத்த தேதி, வயது, உடல் தேறியிருந்த நிலை எல்லாவற்றையும் குறித்துக்கொள். ஆணா பெண்ணா என்பதும் முக்கியம். தாய்க்கரடி பால் வழியே தன் நச்சுச் சுமையில் ஒரு பங்கைக் குட்டிக்குக் கடத்திவிடுகிறது. ஆணுக்கு அந்த வழி இல்லை.

அடுத்தது உணவு. அதே விரிகுடாவில் 1991 முதல் 2007 வரை சேகரித்த கரடிக் கொழுப்பு மாதிரிகளில், தின்ற இரையைக் காட்டிக்கொடுக்கும் கார்பன் ஐசோடோப்பையும் கொழுப்பு அமிலங்களையும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பனி சீக்கிரம் உடைந்த ஆண்டுகளில், பனியை ஒட்டி வாழும் தாடி சீல் உணவில் குறைந்து, திறந்த நீரில் திரியும் சீல் வகைகள் கூடியிருந்தன. இந்த மாற்றத்தால் சில நச்சுகள் ஏறும் வேகம் கூடியது. சில இறங்கும் வேகம் மட்டுப்பட்டது. பழைய மாதிரிகளை யாரோ உறைபெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. நீயும் ஒரு துண்டை எடுத்துவை.

பழைய நச்சு மறுபடி கிளம்புவதையும் மறந்துவிடாதே. நார்வேயின் ஸ்வால்பார்டிலும் கனடாவின் அலர்ட்டிலும் எடுத்த காற்று அளவீடுகள், கடல் வெதுவெதுப்பாகிப் பனி விலகும்போது முன்பு படிந்தவை திரும்பக் காற்றில் ஏறுவதைக் காட்டின. அளவு கூடினால் எங்கோ ஓர் ஆலை திருட்டுத்தனமாக உற்பத்தி செய்கிறது என்று உடனே முடிவு கட்டாதே.

அளந்த எண்ணையும், உணவு மாற்றத்தைக் கழித்துக் கணக்கிட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் கொடு. இத்தகைய நச்சுகளைத் தடைசெய்யவும் கட்டுப்படுத்தவும் 2001-இல் ஏற்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பலன் தருகிறதா என்பதை இத்தகைய அளவீடுகளை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். கரடி இரை மாற்றியதைத் தடையின் தோல்வி என்று நீ எழுதிவிட்டால், தடையை விரும்பாதவர்களுக்கு அது வசதியாகப் போய்விடும்.

“வெப்பம் ஏறினால் நஞ்சும் ஏறுமா?” என்று பத்திரிகைக்காரர்கள் ஒரே வரியில் பதில் கேட்பார்கள். எந்த நச்சு, எந்த விலங்கு, எந்தக் கடல் என்று திருப்பிக் கேள். மழுப்புகிறாய் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்