குழலுக்குள் ஒரு கணம்
(ஓர் இயற்பியல் கட்டுரை)

தேசிய மாணவர் படை முகாமில் .22 துப்பாக்கியால் சுட்டுப் பழகிய நண்பர்கள் ஓர் உண்மையை அறிவர். ஐந்து குண்டுகளும் ஒரே துளையில் விழுவதில்லை. குற்றம் பெரும்பாலும் நம் கையிலும் மூச்சிலும்தான். ஆனால் துப்பாக்கியை இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பூட்டிச் சுட்டாலும் துளைகள் சற்றே விலகுகின்றன. ஏன்? ஒரே வகைத் தோட்டா, ஒரே அளவு மருந்து. எனினும் குழலுக்குள் எழும் அழுத்தம் முறைக்கு முறை வேறுபடுகிறது.

அமெரிக்க நாட்டில் இலக்குச் சுடுவோரும் வேட்டையாடுவோரும் பலர் சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேகரித்து, மருந்தும் குண்டும் புதிதாக இட்டுத் தம் தோட்டாக்களைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்தல் குற்றமாகும். ஆயினும், அவர்களை வாட்டும் 'நிலையில்லா அழுத்தம்' என்னும் சிக்கல் அளவீட்டியல் பயிலும் மாணவர்க்கு நல்லதொரு பாடம்.

அழுத்தம் பிறக்கும் விதம்

முழு விறகுக் கட்டை மெல்ல எரிகிறது. அதையே சிராய்களாகப் பிளந்தால் சட்டென்று பற்றுகிறது. எரியும் பரப்பு மிகுவதே காரணம். புகையற்ற மருந்தும் இவ்வாறே தன் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. 1884இல் இம்மருந்தை உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் பால் வியேய், அழுத்தம் உயர உயர எரியும் வேகமும் உயர்கிறது என்று காட்டினார். எரிதலால் வாயு, வாயுவால் அழுத்தம், அழுத்தத்தால் இன்னும் விரைந்த எரிதல். இச்சுழற்சியைத் தணிப்பது ஒன்றே. குண்டு முன்னே நகர்ந்து வாயுவுக்கு இடம் கொடுக்க வேண்டும். இத்தனையும் ஏறத்தாழ ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நடந்து முடிகிறது.

தொடக்கத்தில் நேரும் சிறு வேறுபாடு முடிவில் பெருவேறுபாடாக வளர்வது இச்சுழற்சியால்தான். 1906ஆம் ஆண்டின் .30-06 தோட்டாவிற்கு ஏற்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு. அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 4,000 மடங்கு! அதனைத் தாங்கி நிற்கும் எஃகுத் தாழ்ப்பாளுக்குச் சில அங்குலம் பின்னே சுடுபவரின் கண் இருக்கிறது.

வேறுபாட்டின் காரணங்கள்

1. நிறை: தராசு சரியாக நிற்கவில்லை எனில் மற்ற கவனமெல்லாம் வீண். அறிந்த எடைக்கல்லால் அதனை முதலில் சோதிக்க வேண்டும்.

2. கூட்டின் கொள்ளளவு: புறத்தோற்றத்தில் ஒத்த இரு கூடுகளில் ஒன்றன் சுவர் தடித்திருக்கலாம். உள்ளிடம் குறைந்தால் அதே மருந்து மிகுந்த அழுத்தம் தரும். கூட்டில் நீர் நிரப்பி நிறுத்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

3. கூட்டின் நீளம்: பலமுறை சுட்ட கூடு நீள்கிறது. அளவு மீறினால் அதன் கழுத்து குழலின் வாயில் இறுகிக் குண்டை விடாமல் பிடிக்கும். அழுத்தம் அபாயகரமாக ஏறும்.

4. குண்டு அமர்ந்த ஆழம்: குண்டு குழலின் வரியோடு ஒட்டி நின்றால் ஓடத் தொடங்கும் வாய்ப்பின்றித் தொடக்கத்திலேயே தடைபடுகிறது.

5. பிரைமர்: மருந்தைப் பற்றவைக்கும் இச்சிறு கிண்ணத்தின் வகை மாறினால் தீயின் வலிமையும் மாறும்.

6. வெப்பம்: பொதுவாக, சூடான மருந்து விரைந்து எரியும். குளிர்காலையில் சோதித்த தோட்டா, நண்பகல் வெயிலில் கிடந்தபின் வேறு குணம் காட்டும். கார்டைட் என்னும் புகையற்ற மருந்தின் பெயர் தாங்கிய தொழிற்சாலை நம் நீலகிரியின் அருவங்காட்டில் உள்ளது. மலைக்குளிரில் பிறக்கும் மருந்து பாலைவெயிலிலும் பனிமலையிலும் பயன்பட வேண்டியிருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சராசரி சொல்லாதது

கற்பனையாக இரு வரிசைகளை எடுத்துக்கொள்வோம். குண்டின் வேகம் வினாடிக்கு இத்தனை அடி என்க.

முதல் வரிசை: 2690, 2700, 2705, 2695, 2710.
இரண்டாம் வரிசை: 2620, 2780, 2690, 2750, 2660.

இரண்டின் சராசரியும் 2700தான். ஆனால் முதலாவதில் வீச்சு 20, இரண்டாவதில் 160. சராசரியை மட்டும் எழுதி வைத்தவர் இரண்டும் ஒன்றே என்று ஏமாறுவார். துப்பாக்கியை உடைப்பது சராசரித் தோட்டா அன்று. எல்லையைத் தாண்டிய அந்த ஒரு தோட்டா.

கருவியும் பேசும்

இங்கிலாந்தின் ஆண்ட்ரூ நோபிள் 1860களில் செம்பு உருளையை வைத்து, அது நசுங்கிய அளவால் அழுத்தத்தைக் கணித்தார். பின்னர், கியூரி சகோதரர்கள் 1880இல் கண்ட அழுத்தமின் விளைவைக் கொண்டு படிகக் கருவிகள் வந்தன. இங்கே ஒரு விந்தை! செம்பு முறையில் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் என்னும் இரு தோட்டாக்களுக்கும் அமெரிக்க உற்பத்தியாளர் கழகம் வகுத்த எல்லை ஒரே 52,000. படிக முறையிலோ முதலாவதற்கு 62,000, மற்றதற்கு 55,000. கணத்தில் எழுந்து அடங்கும் அழுத்தத்தைச் செம்பு முழுமையாகத் தொடர இயலாததே காரணம். எந்தக் கருவியால் அளந்தது என்று கூறாத எண் பாதி எண்ணே.

உச்ச அழுத்தமும் முழுக்கதை அன்று. 1960களில் அமெரிக்கப் படையின் எம்-16 துப்பாக்கிக்கான தோட்டாவில் மருந்து வகை மாற்றப்பட்டது. உச்ச அழுத்தம் எல்லைக்குள் இருந்தும், துப்பாக்கியை இயக்கும் வாயுத் துளையருகே அழுத்தம் மிகுந்தது. சுடும் வேகம் கூடியது, கசடும் சேர்ந்தது. குரோமியப் பூச்சில்லாத அறை, துப்புரவுக் கருவிப் பற்றாக்குறை ஆகியவையும் சேர, வியட்நாம் களத்தில் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. வீரர்கள் பலர் உயிரிழந்தனர். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதனைக் கடுமையாகக் கண்டித்தது.

குறை தேடும் முறை

ஐயம் எழுந்தவுடன் சுடுவதை நிறுத்த வேண்டும். எஞ்சிய தோட்டாக்களைப் பிரித்துவிட வேண்டும். பிரைமர் தட்டையாதல், தாழ்ப்பாள் கடினமாகத் திறத்தல் ஆகியவை எச்சரிக்கைகளே. ஆனால் அவை தோன்றாமையைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. எல்லை கடந்த பின்னரே அவை தோன்றுவதும் உண்டு. பின்பு குறிப்பேட்டைத் திறந்து, எது மாறியது என்று பார்க்க வேண்டும். வெளியிடப்பட்ட அட்டவணையின் குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் காரணம் எதுவென்று எவராலும் கூற இயலாது.

நண்பர்களே, நம் ஆய்வகத்தில் ஒவ்வாத அளவீட்டை அழித்துவிட்டு, 'வரவேண்டிய' விடையை எழுதும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அங்கே இழப்பது இரண்டு மதிப்பெண். குழலருகே கண்ணை வைத்தவனுக்கோ, ஒவ்வாத அந்த ஓர் எண்ணே உயிர் காக்கும் எச்சரிக்கை. அதனை அழியாமல் எழுதுவோம். ஏன் வந்தது என்று கேட்போம். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.

— மூன்றாம் ஆண்டு, இயற்பியல்