குறித்த நாளில் வராத குழந்தைகள்

மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அரசு ஆஸ்பத்திரிகளில், குழந்தைகள் பிரிவில் சிகிச்சை பெற்றுச் செல்வோருக்கு மறுமுறை வரவேண்டிய நாளைச் சீட்டில் எழுதித் தருவது வழக்கம். அந்நாளில் எல்லாக் குழந்தைகளும் வருவதில்லை. வராததால் நேரும் தீங்கு உடனே வெளிப்படுவதுமில்லை.

கீல்வாதக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 5 முதல் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியரையே இது மிகுதியாகப் பற்றுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டையில் புண் கண்டு, இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றும். மூட்டு வீக்கம் வடிந்துவிடும்; இருதய வால்வுகளில் உண்டாகும் கேடோ நிலைத்துவிடக்கூடும். காய்ச்சல் மீண்டும் மீண்டும் வருமாயின் அக்கேடு வளரும். இதைத் தடுக்கவே பென்சதைன் பெனிசிலின் ஊசியை 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை, குறைந்தது 5 ஆண்டுகளேனும் போடுகிறார்கள். இருதயம் பாதிக்கப்பட்டிருந்தால் இன்னும் பல ஆண்டுகள் போடவேண்டும். மருந்து உடலில் மெல்லக் கரைந்து குறைந்துகொண்டே வரும். நாள் கடந்தால் காவல் நீங்கிவிடும்.

பையனோ பள்ளிக்கூடம் போகிறான், ஓடியாடி விளையாடுகிறான். நன்றாயிருக்கும் பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று வீட்டார் எண்ணுவது இயல்பே. கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் ஒரு தண்ணீர் தவறினாலும் வயல் சில நாள் பசுமையாகத்தான் இருக்கும். பதர் கண்டது களத்தில்தான் தெரியும்.

இதைத் தாய்மாரின் அசட்டை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது. நடவுக் காலத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. சீட்டிலுள்ள ஆங்கில எழுத்து பலருக்குப் புரிவதில்லை. பயிற்சி ஆஸ்பத்திரிக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. அங்கு மேற்படிப்புப் பயிலும் இளம் டாக்டர்கள் முறைவைத்துப் பிரிவு மாறுகிறார்கள். சென்ற முறை பரிவோடு விசாரித்தவர் இம்முறை இருக்கமாட்டார். புதியவரிடம் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். தாம் எழுதித் தந்த மருந்து குணம் தந்ததா என்பதைக் குழந்தை திரும்பி வந்தால்தானே அந்த டாக்டரும் கற்கமுடியும்?

யாவற்றிலும் பெரிய தடை அச்சமே என்பது எம் கருத்து. ஒரு முறை தவறியவர்கள், கோபித்துக்கொள்வார்களோ என்று அஞ்சி, அடுத்த முறையும் போகாமல் நின்றுவிடுகிறார்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இங்கே பெரிதும் உதவலாம். தம் வார்டில் இத்தகைய குழந்தை இருப்பின், கிராம சுகாதார செவிலியரிடம் சீட்டைக் காட்டி, அடுத்த ஊசி நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்துக் கொடுக்கலாம். சந்தை நாளுக்கு மறுநாள் என்பதுபோல் சொன்னால் எழுத்தறியாதவர்க்கும் நினைவிருக்கும். தாய்க்கு வேலை விட முடியாதபோது, பாட்டியோ சிற்றப்பனோ சீட்டுடன் அழைத்துப் போவதில் தடையில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி போட ஏற்பாடு செய்ய இயலுமா என்று டாக்டரைக் கேட்கவும் வேண்டும். நாள் கடந்துவிட்டிருந்தால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் உடனே போவதே முறை. பழைய சீட்டுகளை எறியாமல் ஒரே பையில் வைத்து எடுத்துச் சென்றால், புதிதாக வந்த டாக்டருக்கும் முழு விவரம் விளங்கும்.