தொடர்பு காட்டும் வண்ணம்

தஞ்சையினின்று வடக்கு நோக்கித் திருவையாற்றிற்குச் செல்வோர் வழியில் ஐந்து ஆறுகளைக் கடப்பர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்பன அவை. இவற்றுள் எது எதன் கிளை என்பது பாலத்தின்மேல் நிற்பவனுக்குப் புலனாகாது. மேற்கே தலைப்பு வரை சென்று கண்டவனே, காவிரியும் வெண்ணாறும் கல்லணையிற் பிரிகின்றன என்றும், குடமுருட்டி காவிரியின் கிளை என்றும், வெட்டாறும் வடவாறும் வெண்ணாற்றின் கிளைகள் என்றும் அறிவான். ஆயின், படமொன்று வரைந்து, காவிரியையும் அதன் கிளையையும் ஒரு வண்ணத்தாலும், வெண்ணாற்றையும் அதன் கிளைகளையும் மற்றொரு வண்ணத்தாலும் தீட்டினால், சிறுவனும் ஒரே பார்வையில் அவ்வுறவை உணர்வான். மறைந்து கிடக்கும் தொடர்பை இவ்வாறு வண்ணத்தால் வெளிப்படுத்தும் முறை, இக்காலத்து மின்னணுத் தொழிலிற் பெரும்பயன் விளைக்கின்றது.

வானொலி, தொலைபேசி, கணிப்பொறி ஆகியவற்றைத் திறந்து பார்த்தால், உள்ளே பெரும்பாலும் பச்சை நிறமுள்ள பலகையொன்று காணப்படும். அதுவே மின்சுற்றுப் பலகை. ஆஸ்திரியாவிற் பிறந்த பால் ஐஸ்லர் என்னும் பொறியாளர், 1936 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இத்தகைய பலகையைக் கொண்டு வானொலிப் பெட்டி ஒன்றை அமைத்தார். இன்று பெருவழக்கிலுள்ள பலகை, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து, ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் கனம் உடையது. அதன்மேல் 0.035 மில்லிமீட்டர் அளவான செம்புத் தகடு படிந்திருக்கும். வேண்டாத செம்பை அமிலம் போன்ற நீர்மங்களாற் கரைத்து நீக்க, வேண்டிய தடங்கள் மட்டும் எஞ்சும். அத்தடங்களே மின்சாரம் செல்லும் வாய்க்கால்கள்.

இணைக்கக் கூடாத இரண்டு தடங்கள் ஒரே முகத்தில் ஒன்றையொன்று கடத்தல் கூடாது. கடந்தால் இரண்டும் கலந்துவிடும். ஆகலின், ஒரு தடம் சிறு துளை வழியே பலகையின் மறுபுறம் சென்று, மீண்டும் வேறோரிடத்தில் மேலே வரும். நுட்பமான கருவிகளில் நான்கு, ஆறு என அடுக்குகள் பெருகும். இவ்வாறு மறைந்தும் வெளிப்பட்டும் ஓடும் தடத்தைக் கண்ணாலே தொடர்வது அரிது. முற்காலத்துப் பொறியாளர், படத்தை விரித்து வைத்துக்கொண்டு, சரிபார்த்த இணைப்புகளை ஒவ்வொன்றாக வண்ணப் பென்சிலாற் தீட்டி வந்தனர்.

அப்பென்சிலின் வேலையை இன்று மென்பொருள் செய்கின்றது. அவற்றுள் ஒன்று கீகேட் என்பது. பிரான்சு நாட்டிலுள்ள கிரனோபிள் நகரிற் பணியாற்றிய ஜான் பியர் ஷாரா என்பவர் 1992 இல் இதனைத் தொடங்கினார். எந்த உறுப்பின் எந்தக் கால் எதனோடு சேரவேண்டும் என்னும் பட்டியலை, மின்சுற்று வரைபடத்தினின்று இம்மென்பொருள் பெற்றுக்கொள்கின்றது. திரையில் ஓர் இணைப்பைத் தெரிந்தெடுத்து ஒளிரச் செய்தால், அதைச் சேர்ந்த தடங்களும் துளைகளும் கால்களும் எந்த அடுக்கில் இருப்பினும் ஒருங்கே ஒளிர்கின்றன, ஏனையவை மங்குகின்றன. தடம் இடப்படாத இணைப்பை மெல்லிய நேர்க்கோடு சுட்டுகின்றது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். மின்கலத்தின் நேர்முனையோடு சேரவேண்டிய கால்கள் ஏழு எனக் கொள்க. அவ்விணைப்பை ஒளிரச் செய்தபோது, ஆறு கால்கள் தடத்தாற் சேர்ந்தும், ஏழாவது மெல்லிய கோட்டால் மட்டும் சுட்டப்பெற்றும் தோன்றினால், அங்கே குறை உண்டு என்பது தெளிவு. ஏழும் சேர்ந்திருப்பினும், தடம் நெடுந்தொலைவு வளைந்து, இடையிற் குறுகிச் செல்வதும் அவ்வொளியிற் புலப்படும். குறுகிய தடத்தில் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்தால் அது சூடேறும்; கடைசியில் நிற்கும் உறுப்பிற்கு மின்னழுத்தம் குறையும். வாய்க்கால் தூர்ந்தாற் கடைமடை வயல் காய்வதைக் கண்ட தஞ்சை உழவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. பலகை செய்து முடிந்தபின் இத்தகைய குறையைத் திருத்துவது கடினம். அப்பலகை மருத்துவமனைக் கருவியில் அமைவதாயின், அதனால் ஓர் உயிருக்கே ஊறு நேரலாம்.

செய்யுளுக்கு உரை காண்போர் செய்வதும் இதுவே. நன்னூல் கூறும் எட்டுவகைப் பொருள்கோளுள் கொண்டுகூட்டு என்பது ஒன்று. அடிகள் பலவற்றிற் சிதறிக் கிடக்கும் சொற்களுள் தம்முள் இயைவனவற்றைத் தேர்ந்து கூட்டிப் பொருள் கொள்வது அது. சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்க, உரையாசிரியர் அவற்றின் உறவை மட்டும் ஒளிபெறச் செய்கின்றார்.

ஆயினும், மூலத்திற் பிழையிருப்பின் உரையும் பிழைபடும். வரைபடத்தைத் தவறாக வரைந்தவனுக்கு, மென்பொருள் அத்தவறான இணைப்பையே குறைவின்றி ஒளிர்வித்துக் காட்டும். எது எதனோடு சேர்ந்துள்ளது என்பதைக் கருவி சொல்லும். சேர்வது முறையா என்பதை மனிதனே ஆராய்தல் வேண்டும்.

கீகேட் கட்டற்ற மென்பொருள். அதனை யாவரும் விலையின்றிப் பெறலாம். அதன் அமைப்பைக் கற்றுத் திருத்தவும் செய்யலாம். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாஸீ என்னும் திட்டத்தினர், இதனையும் பிற கட்டற்ற மென்பொருள்களையும் இணைத்து, ஈசிம் என்னும் கருவியை ஆக்கியுள்ளனர். எனவே, கணிப்பொறி கிட்டுமாயின், காவிரிக்கரையில் வாழும் மாணவனும் பெருந்தொழிற்சாலைப் பொறியாளரைப் போன்று மின்சுற்றுப் பலகையை வகுத்துப் பழகலாம். அவனுக்கு மேலும் வேண்டுவது, ஒளிரும் தடத்தைத் தலைப்பினின்று கடைமடை வரை பொறுமையுடன் தொடர்ந்து நோக்கும் பழக்கமே.

பயிற்சி

1. மின்சுற்றுப் பலகையில் ஒரு தடம் மறுபுறம் செல்வது ஏன்?
2. தடத்தை ஒளிர்வித்துக் காண்பதால் அறியப்படும் குறைகள் யாவை?
3. கொண்டுகூட்டுப் பொருள்கோளுக்கும் இக்கருவிக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.