சிறுபொழுதும் ஷிப்டும்

நாள்தோறும் செய்யும் வேலை சலிப்பூட்டும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் வாசல் தெளித்தல், பால் காய்ச்சுதல், விளக்கேற்றுதல், எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுதல் ஆகிய சிறு செயல்களே வீட்டை இல்லமாக்குகின்றன. அவை தடைப்படும்போதுதான் அவற்றின் அருமை புலப்படுகிறது. அத்தடை எவ்வாறு நேர்கிறது, அதனை எவ்வாறு ஈடு செய்யலாம் என்பதை நம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைக் கொண்டே இங்குக் காண்போம்.

நாளின் ஆறு கூறுகள்

தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒவ்வொரு திணைக்கும் உரிய பொழுதைக் கூறுகிறது. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என நாளை ஆறு சிறுபொழுதுகளாக வகுப்பது தமிழ் மரபு. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். பத்து நாழிகை கொண்டது ஒரு சிறுபொழுது. அதாவது 4 மணி நேரம். நம் முன்னோர் பொழுதை வெறும் எண்ணாகக் கருதவில்லை. மாலை முல்லைக்கு உரியது. தலைவன் வரவை நோக்கித் தலைவி இல்லத்தில் ஆற்றியிருக்கும் பொழுது அது. ஒவ்வொரு பொழுதுக்கும் உரிய செயலும் உணர்வும் உண்டு என்பதே இப்பகுப்பின் உட்பொருள்.

மூன்று ஷிப்டுகள்

1971இல் நிறுவப்பட்ட சிப்காட், அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. வானம் பார்த்த கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே ஆலைகள் எழுந்தன. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் இணைந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம், தன் முதல் கடிகார ஆலையை ஓசூரிலேயே அமைத்தது. நாட்டுக்கே நேரம் காட்டும் கருவி நம் ஊரில் உருவாயிற்று!

ஆலைகளில் காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என மூன்று ஷிப்டுகள் தொடங்குவது வழக்கம். ஆலைக்கு ஆலை சிறிது முன்பின் ஆகலாம். ஒரு ஷிப்டுக்கு 8 மணி நேரம். அதாவது இருபது நாழிகை. முதல் ஷிப்டு காலையையும் நண்பகலையும் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது எற்பாட்டையும் மாலையையும். மூன்றாவது யாமத்தையும் வைகறையையும். கணக்கு என்னவோ சரியாகத்தான் பொருந்துகிறது. ஆனால் இரண்டாம் ஷிப்டில் இருப்பவர்க்கு மாலை என்பதே இல்லை. அவர் வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கிவிடுகின்றனர். மூன்றாம் ஷிப்டுக்காரரோ, ஊர் விழித்தெழும் நேரத்தில் சன்னலைச் சாத்திப் படுக்கிறார். அடுத்த முறை வரும்போது எல்லாம் மாறிவிடுகிறது.

இது மனத்தை மட்டும் பாதிப்பதன்று. நம் உயிரணுக்களுக்குள் ஒரு நாள்கடிகாரம் இயங்கும் விதத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இரவு ஷிப்டு வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்கவற்றுள் ஒன்றாக 2007இல் வகைப்படுத்தி, 2019இல் அதனை மீண்டும் உறுதி செய்தது.

களி கற்பிக்கும் பாடம்

ஷிப்டை மாற்ற நம்மால் இயலாது. ஆனால் ஷிப்டு எதுவாயினும் மாறாத ஒரு செயலை வீட்டில் வைத்துக்கொள்ள இயலும். நம் வட்டாரத்துக் களியையே சான்றாகக் கொள்வோம். கன்னடர் முத்தெ என்பர். தெலுங்கர் சங்கடி என்பர். மும்மொழியும் வழங்கும் நம் எல்லைப்புறத்தில் உருண்டை ஒன்றே!

கொதிக்கும் உலையில் அரிசி நொய் வெந்தபின், கேழ்வரகு மாவைக் கொட்டி உடனே கிளறிவிடக் கூடாது. தணலைத் தணித்து, மூடி, மாவு வேகும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு கட்டியின்றிக் கோலால் கிண்டி, ஈரக்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கையில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது என்று பொருள். அவசரப்பட்டால் உள்ளே பச்சை மாவு நிற்கும். இங்கே கடிகாரத்தைவிடக் கையே நம்பத்தக்கது. வரலாற்றறிஞர் இ. பி. தாம்ப்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், மடகாஸ்கர் மக்கள் அரை மணி நேரத்தைச் சோறு வேகும் பொழுதாகக் குறித்ததை எடுத்துக்காட்டுகிறார். பொழுதை வேலையால் அளந்த அந்த வழக்கம் நம் அடுப்படியில் இன்னும் அழியவில்லை. அந்த அரை மணி நேரம் எந்தச் சங்குக்கும் கட்டுப்பட்டதன்று. ஆறுதல் அங்கேதான் இருக்கிறது.

யாருடைய உழைப்பு?

இங்கு ஒன்றை மறைக்கலாகாது. நிதானமான இல்வாழ்வு என்று நாம் பாராட்டுவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் ஓயாத உழைப்பு. நடுவண் அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்வோருள் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகின்றனர். இன்று நம் பகுதியின் மின்னணு ஆலைகளில் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் பணிபுரிகின்றனர். ஆலை வேலை முடிந்து வருபவர்க்கு அடுப்படி மற்றொரு ஷிப்டு ஆகிவிடக் கூடாது. ஒருவர் இளைப்பாற மற்றொருவர் இளைப்பது இல்லறமாகாது.

நாம் செய்யத்தக்கவை

தந்தைக்கோ தாய்க்கோ இரண்டாம் ஷிப்டு என்றால் இரவில் சேர்ந்து உண்ண இயலாது. அக்காலங்களில் காலை உணவைச் சேர்ந்து உண்ணலாம். இரவு ஷிப்டு முடித்து உறங்குபவர்க்காக வானொலியையும் தொலைக்காட்சியையும் தணித்து வைப்பதும் ஓர் இல்லக்கடமையே. களிக்கோலை மகனும் பிடிக்கலாம். விடுதியில் தங்கியிருப்போர்க்கு அடுப்பில்லை. எனினும் துணியைத் துவைத்து மடித்துவைக்கும் கால் மணி நேரமாவது அவர்தம் சொந்தப் பொழுதாக இருக்கட்டும்.

இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. ஒழுங்கும் பகிர்வுமே வேண்டும். நம்மில் பலர் நாளை அந்த ஆலைகளுக்கே பணிக்குச் செல்லவிருக்கிறோம். செல்லுமுன், நம் வீட்டில் நாள்தோறும் நிகழும் வேலைகளுள் ஒன்றையேனும் பெரியோரிடம் கேட்டுக் கற்று, நமதாக ஏற்றுக்கொள்வோமாக!