பேரேட்டில் ஏறாத ஆஸ்தி

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் ஆண்டுதோறும் ஐந்தொகையைப் பார்வையிடுகின்றனர். கையிருப்பு, வரவேண்டிய கடன், கிடங்கிலுள்ள சரக்கு, கட்டிடம் ஆகிய யாவும் அதில் ஆஸ்தியாக எழுதப்பட்டிருக்கும். விலை கொடுத்து வாங்கப்பட்டதும், விற்றால் விலை பெறுவதுமே இவ்வாறு கணக்கில் ஏறுகின்றன. ஆயின், கூலி பெறாமலே கிராமத்திற்கு ஊழியம் செய்யும் ஜீவன்கள் பல உள. அவற்றை எந்தக் கணக்கரும் எழுதுவதில்லை. எழுதப்படாதது மதிப்பற்றது என்று கருதினால் எத்தகைய நஷ்டம் நேரும் என்பதைப் பாறு என்னும் பக்ஷியின் வரலாறு காட்டுகின்றது.

பாறு செய்துவந்த ஊழியம்

பாறு என்பது பிணந்தின்னிக் கழுகு. இது பெரும்பாலும் இறந்த பிராணிகளையே உண்டு வாழ்வது. திருக்கழுக்குன்றத்தில் நெடுங்காலம் நண்பகலில் அமுதுண்ண வந்துகொண்டிருந்த கழுகுகளும் இவ்வினத்தைச் சேர்ந்த மஞ்சள்முகப் பாறுகளே.

இறந்த மாட்டின் தோலை உரித்தபின் உடலை ஊர்ப்புறத்தில் இட்டுவிடுவது இந்தியாவின் பல பாகங்களில் வழக்கமாக இருந்தது. பாறுக் கூட்டம் ஒன்று ஒரு மாட்டின் உடலை ஒரு மணி நேரத்திற்குள் எலும்பாக்கிவிடும். அவற்றின் இரைப்பையிலுள்ள கடும் அமிலம் நோய்க் கிருமிகள் பலவற்றை அழித்துவிடும். எஞ்சிய சுத்தமான எலும்பைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தோரும் உண்டு. இவ்வளவு வேலைக்கும் கிராமத்தார் கொடுத்த கூலி ஒரு காசும் இல்லை.

அழிவும் அதன் காரணமும்

1990-களில் பரத்பூர் சரணாலயத்தில் பாறுகள் விரைந்து குறைந்து வருவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கண்டு வெளியிட்டார். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்துபோயிற்று.

காரணம் 2004-இல் வெளியாயிற்று. மாடுகளின் வலிக்கும் வீக்கத்திற்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே அது. 1990-களில் இம்மருந்தின் விலை வெகுவாகக் குறைந்தமையால், மாட்டு வைத்தியத்தில் எங்கும் பரவிற்று. மருந்து பெற்ற மாடு சில தினங்களுக்குள் இறந்தால், அதன் மாமிசத்தை உண்ட பாறு சிறுநீரகம் கெட்டு மாண்டது. நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானதில் விஷம் இருந்தாலே இவ்வினம் அழிவதற்குப் போதுமென்று கணக்கிடப்பட்டது. ஓர் உடலைப் பல பாறுகள் கூடி உண்பதும், ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவதும் இதற்குக் காரணங்களாம்.

மதிப்பிடும் முறைகள்

சந்தையில் விலை போகாத ஊழியத்தை மதிப்பிட இரண்டு வழிகள் முக்கியமானவை.

முதலாவது, பதிற்செலவு முறை. ஓர் ஊரில் ஆண்டுக்கு 20 மாடுகள் இறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை அகற்றி ஆழக் குழி தோண்டிப் புதைக்க, வண்டி வாடகை, ஆட்கூலி, சுண்ணாம்பு உட்பட 2,000 ரூபாய் ஆகுமெனக் கொண்டால், பாறு அவ்வூருக்கு ஆண்டுதோறும் 40,000 ரூபாய் பெறுமான வேலையைச் செய்திருக்கின்றது.

இரண்டாவது, நஷ்டக் கணக்கு முறை. வேலை நின்றதனால் விளைந்த தீங்கை அளப்பது இது. பாறுகள் அழிந்தபின் அவ்வுணவு நாய்களுக்குக் கிடைத்தது; நாய்கள் பெருகின; வெறிநாய்க்கடியும் பெருகிற்று. 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 1992 முதல் 2006 வரை இதனால் ஏறக்குறைய 48,000 பேர் அதிகமாக இறந்தனர் என்றும், நஷ்டம் 3,400 கோடி டாலர் என்றும் மதிப்பிட்டது. 2024-இல் இயால் பிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளாதார அறிஞர் இருவர், வெறிநோயோடு நில்லாமல் எல்லா மரணங்களையும் ஆராய்ந்தனர். பாறுகள் மிகுந்திருந்த ஜில்லாக்களில் மரண விகிதம் நூற்றுக்கு 4-க்கு மேல் உயர்ந்தது என்றும், 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மரணங்கள் அதிகமாயின என்றும், நஷ்டம் ஆண்டொன்றுக்கு 6,940 கோடி டாலர் என்றும் கண்டனர்.

இரு தொகைகளும் வேறுபடுவதால் கணக்கே பொய் என்று எண்ணலாகாது. எவ்வெத் தீங்கைச் சேர்த்தெண்ணுகின்றோமோ அதற்கேற்பத் தொகை மாறும். எந்த மதிப்பைக் கேட்டாலும், "எவை சேர்க்கப்பட்டன, எவை விடப்பட்டன?" என்று கேட்பது தணிக்கை அறிந்த அங்கத்தினரின் கடமையாகும். அன்றியும், இத்தொகை விற்பனை விலையன்று. அத்தனை டாலரைக் கொடுத்தாலும் இழந்த பாறுகளை ஓராண்டில் மீட்க இயலாது.

நஷ்டம் எவர் கணக்கில்?

மலிவான மருந்தை வாங்கிய குடியானவர் தவறிழைத்தவரல்லர். நொண்டிய மாட்டின் வலி தீர்ந்தது. கையில் சில ரூபாய் மிஞ்சிற்று. அவருடைய கணக்கில் அது லாபமே. நஷ்டமோ, வேறோர் ஊரில் நாய் கடித்த குழந்தையின் வீட்டில் விழுந்தது. லாபம் ஒருவர் கணக்கிலும் நஷ்டம் பலர் தலையிலும் விழுமிடத்தில், தனிமனிதரின் சிக்கனம் பொதுநஷ்டத்தைத் தடுக்காது. பலர் கூடிச் செய்யும் ஏற்பாடே தடுக்கும். கூட்டுறவு இவ்விடத்தில் பயன்படுகின்றது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

டைக்ளோஃபினாக்கைக் கால்நடைக்கு உபயோகிப்பது இந்தியாவில் 2006-இல் தடுக்கப்பட்டது. மனிதருக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்குத் திருப்பப்பட்டமையால், 2015-இல் ஊசி மருந்தின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்னும் மருந்துகளும் கால்நடைக்கு விலக்கப்பட்டன. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்று பரிசோதனையில் கண்டிருக்கின்றனர்.

ஆகவே, பால் கூட்டுறவுச் சங்கங்கள் விலக்கப்பட்ட மருந்துகளின் பெயர்களை எழுதிப் பால் அளக்குமிடத்தில் தொங்கவிடலாம். கால்நடை வைத்தியரைக் கலந்து, மெலாக்சிகாம் மருந்தை மொத்தமாகத் தருவிக்க ஏற்பாடு செய்யலாம். மருந்து பெற்றுச் சில தினங்களில் இறந்த மாட்டை வெளியில் இடாமல் ஆழப் புதைக்கச் செய்யலாம்.

தங்கள் ஊரில் பாறே இல்லையே என்று சிலர் கூறலாம். தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய வனங்களில் சில பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. மேலும், பாறு இல்லாத ஊரிலும் வயலில் எலி பிடிக்கும் ஆந்தையும், பூச்சி தின்னும் தவளையும், பூவில் மகரந்தம் சேர்க்கும் தேனீயும் கூலியின்றி உழைக்கின்றன. அடுத்த மகாசபைக்கு முன், தங்கள் ஊரில் இவ்வாறு உழைப்பவை எவை, அவை நின்றுபோனால் அவ்வேலைக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று அங்கத்தினர் ஒரு பட்டியல் தயாரிப்பாராக. பாறின் பெறுமானம் அது அழிந்த பின்னரே கணக்கிடப்பட்டது; மற்றவற்றின் பெறுமானத்தை அவை உள்ளபோதே அறிந்து காப்பது விவேகமாம்.